இருபது கறுப்புப் படங்கள்

மூடி போட்டு எடுத்த படத்தில் எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. பெய்வதா வேண்டாமா என்று முடிவு செய்யாத மழை வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தவன், படத்தின் கீழ் மூலையில் ஒரு சாம்பல் நிறத் திட்டைக் கண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடியும் மாட்டிப் பார்த்தான். ஊரில் பாதிப் பேருக்குக் கண் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவன் அவன். தன் கண்ணைச் சந்தேகப்பட அவ்வளவு லேசில் மனசு வராது. திட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

வானத்தைப் படம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வேலைமுறை உண்டு. டெலஸ்கோப்பில் கேமராவைப் பொருத்தி, ஒரே இடத்தை ராத்திரி முழுக்கப் பத்துப் பத்து நிமிடமாக எடுப்பார்கள். அது முடிந்ததும் கேமராவின் கண்ணை மூடிவிட்டு, அதே பத்து நிமிடக் கணக்கில் வெறும் இருட்டையும் இருபது தடவை எடுத்து வைப்பார்கள். கேமரா தன் சூட்டினால் தானே போட்டுக்கொள்கிற புள்ளியும் கறையும் அந்தக் கறுப்புப் படங்களில் பதிந்திருக்கும். வானத்துப் படத்திலிருந்து அந்த இருட்டைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது வானம் மட்டும். "இருட்டுல போய் உக்காந்து, இருட்டப் படம் பிடிச்சு, அப்புறம் அந்த இருட்டக் கழிக்கிறியா? நல்லா இருக்குடா உன் பொழப்பு!" என்று அக்கா சிரிப்பாள்.

சிரிப்பாள் என்று சொல்வதா, சிரித்தாள் என்று சொல்வதா? மூன்று மாதமாக அவனுக்கு இந்த இடத்தில் நாக்கு தடுக்குகிறது.

அக்கா அவனைவிடப் பதினோரு வயது மூத்தவள். கணவர் போன பிறகு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள்; வந்த வாரத்திலிருந்தே வீடு அவள் சொல்படிதான் நடந்தது. கல்யாணம் காட்சி எதிலும் சிக்காமல் மொட்டை மாடியில் முழித்துக் கிடந்த தம்பிக்கு 'ஆந்தை' என்று பெயர் வைத்தவளும் அவளே. அந்தப் பெயர் தெருமுனை வரை பரவி, கடைக்கு வருகிறவர்கள்கூட "ஆந்தை சார் இருக்காரா?" என்று கேட்கிற அளவுக்குப் போயிற்று. அவன் படம் பிடித்துக்கொண்டிருந்த நெபுலாவை, நட்சத்திரங்கள் பிறக்கிற அந்தப் பிரம்மாண்டமான வாயு மேகத்தை, அவள் ஒருநாள்கூட மதித்ததில்லை. "ஒரு புகையப் பிடிக்க ஒரு ராத்திரியா? சட்டியக் காயவிட்டு மறந்துட்டா, நான் அஞ்சு நிமிஷத்துல காட்டுவேனே!"

இன்று அந்தப் புகையை முடித்தாக வேண்டும். அக்கா மகள் கேட்டிருந்தாள். 'குட்டி' என்று கூப்பிட்டு வளர்த்த பெண். இப்போது ஊரின் மறுபக்கத்தில் வேலை பார்க்கிறாள். "அம்மா கடைசியா உங்களுக்கு டீ எடுத்துட்டு வந்த அன்னிக்கு நீங்க எடுத்த படம் எனக்கு வேணும் மாமா. என் ரூம்ல மாட்டணும்" என்று போன வாரம் சொல்லிவிட்டாள். எட்டு மணிக்குச் சட்டத்தோடு வருவாள்.

இரண்டாவது கறுப்புப் படத்தைத் திறந்தான். திட்டு இருந்தது. ஆனால் முதல் படத்தில் இருந்த இடத்தில் இல்லை. ஒரு விரல்கடை மேலே ஏறியிருந்தது.

எங்கோ வெளிச்சம் கசிந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டான். கேமராவின் ஓரத்தில் ஒரு திருகாணி தளர்ந்தால் போதும். மூன்றாவதைத் திறந்தான். இன்னும் கொஞ்சம் மேலே. நாலாவது, ஐந்தாவது. கசிகிற வெளிச்சம் எல்லாப் படத்திலும் ஒரே மூலையில்தான் விழும். அது இப்படி அளவெடுத்த மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் ஒரே உயரம் ஏறாது. இருபதையும் வரிசையாகப் போட்டு, பட்டனை அழுத்தி ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டான். திட்டு ஏறியது. நின்றது. ஏறியது. நின்றது. முழங்கால் வலியுள்ள ஒருவர் ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து ஏறுகிற மாதிரி.

அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு.

அவன் பட்டனிலிருந்து கையை எடுத்தான். அறையில் கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சலும், சன்ஷேடிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தமும், ஈரச்சுவரின் வாடையும் மட்டும்தான் இருந்தன. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம் என்றால், சமையலறைக்குப் போகிற வழியில் மாடிப்படி இருக்கிறது. பிறகு குடித்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டான்.

அந்த மாடிப்படியில் மொத்தம் பதின்மூன்று படி. உச்சியில் மொட்டை மாடிக் கதவு, கதவுக்கு மேலே ஒரு பல்பு. மாடிக்குக் கரண்ட் வயர் அந்தக் கதவு வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், படம் எடுக்கிற ராத்திரிகளில் கதவு திறந்தே கிடக்கும். அக்கா கீழிருந்து வரும்போது கையில் பிளாஸ்க் இருந்தாலும் முழங்கையால் சுவிட்சைத் தட்டிவிடுவாள், பழக்கம். வெளிச்சம் மாடியில் பாய்ந்து படம் கெட்டுப்போகும். நாலைந்து தடவை சொல்லிப் பார்த்து அலுத்துப்போய், படம் எடுக்கிற நாட்களில் அவன் பல்பையே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தான்.

இன்னொரு கட்டளையும் இருந்தது. கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும்போது மாடித் தரையில் யாரும் நடக்கக் கூடாது. காலடி அதிர்ந்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுத்துக்கொள்ளும். அதனால் அக்கா இருட்டில் தடவிக்கொண்டு ஏறி, மேலிருந்து நாலாவது படியில் நின்று, "தம்பி, இன்னும் எத்தனை?" என்பாள். அவன் லேப்டாப் திரையில் ஓடும் நொடிக் கணக்கைப் பார்த்து, திரும்பாமலேயே, "நாலு நிமிஷம்க்கா, இரு" என்பான். அவள் அங்கேயே பிளாஸ்க்கோடு நிற்பாள். பத்து வருடமாக இதே பாட்டுதான். அவனுக்கு அது ஒரு கேள்வியாகவோ பதிலாகவோகூடத் தோன்றுவதில்லை.

அன்று ராத்திரி பதினோராவது படம் ஓடிக்கொண்டிருந்தது. வருஷத்திலேயே சுத்தமான வானம். முதலில் ஏதோ கனமாக விழுந்த சத்தம். அதைத் தொடர்ந்து பிளாஸ்க் உருண்டது. டங். டங். டங். கீழ் வரைக்கும். பிறகு அக்காவின் குரல்.

"தம்பி."

அவன் திரையைப் பார்த்தான். நானூற்றுப் பன்னிரண்டு நொடி மிச்சம் இருந்தது.

"ஏழு நிமிஷம்க்கா, இரு."

பழக்கத்தில் வந்த வார்த்தை என்று தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். முதல் தடவை பழக்கம்தான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இரண்டாவது தடவையும் அவள் கூப்பிட்டாள். "தம்பி..." என்று, நூல் மாதிரி. அப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அடிவயிற்றில் தெரிந்துவிட்டது. எழுந்து நடந்தால் படம் போய்விடும். பிளாஸ்க்தான் விழுந்திருக்கும், அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, இன்னும் ஆறு நிமிடம்தானே என்று உட்கார்ந்திருந்தான். நொடி பூஜ்யத்துக்கு வந்து, படம் பதிவாகி முடிகிற வரை உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம்தான் இறங்கினான்.

"ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம் சார்" என்றார் டாக்டர்.

குட்டியிடம் அவன் சொன்னது வேறு. காதில் ஹெட்போன் மாட்டியிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. பல்பு ஃப்யூஸ் போயிருந்தது. இரண்டே பொய். நல்ல பல்பு இன்னமும் இந்த மேஜையின் இழுப்பறையில், கண்ணாடி துடைக்கிற துணியில் சுற்றிக் கிடக்கிறது. அதைத் தூக்கிப்போடவும் அவனுக்குக் கை வரவில்லை.

இதையெல்லாம்விடக் கேவலமான ஒன்று உண்டு. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த ராத்திரி முழுக்க, மாடியில் மெஷின் தன் பாட்டுக்கு மிச்சப் படங்களையும் எடுத்து, கேமராவின் கண்ணைத் தானே மூடிக்கொண்டு, இருபது கறுப்புப் படங்களையும் எடுத்து முடித்திருந்தது. காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தவன் முதலில் திறந்து பார்த்தது பதினோராவது படத்தை. விழுந்த அதிர்வில் நட்சத்திரங்கள் கோடாகிவிட்டனவா என்று. ஆகவில்லை. எல்லாம் குண்டூசித் தலை மாதிரி உருண்டையாக இருந்தன. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அக்கா அங்கே பிணவறையில் இருக்க, இவன் இங்கே அப்பாடா என்று மூச்சு விட்டான். அந்த மூச்சை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் கூசுகிறது.

போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது.

"மாமா, சட்டம் வாங்கியாச்சு. படம் ரெடியா?" குட்டிதான். பின்னால் பஸ் இரைச்சல்.

"முடிஞ்சிடும்மா. நீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"சரி. மாமா, கோவிச்சுக்காதீங்க. தினமும் தூங்கறப்ப இதான் வருது. அம்மா கூப்பிட்டிருப்பாங்கல்ல? விழுந்தவங்க கூப்பிடாமயா இருப்பாங்க?"

சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லிவிட்டால் இவளும் போய்விடுவாள். இவளை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"கூப்பிட்டுத்தான் இருப்பா. எனக்குக் கேக்கலம்மா. கேட்டிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?"

"ஆமா மாமா. எனக்குத் தெரியும். சும்மா கேட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "எட்டு மணிக்கு வந்துடறேன்."

போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான். வேலையைப் பார்ப்போம் என்று, வானத்துப் படங்களை ஒன்றாகச் சேர்க்கவும் இருட்டைக் கழிக்கவும் கம்ப்யூட்டருக்கு உத்தரவு கொடுத்தான். ஒரு படத்தில் மட்டும் வந்து போகிற விமானத்தையும் சாட்டிலைட்டையும் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துத் தள்ளிவிடும். எல்லாவற்றிலும் நிலைத்திருப்பது மட்டும்தான் மிஞ்சும். திட்டும் அப்படித் தொலைந்துபோகும் என்றுதான் நம்பினான். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எங்கிருந்தோ லேசாக டீ வாசனை. பக்கத்து வீடாக இருக்கும். சர்க்கரை தூக்கலாக, கொஞ்சம் காய்ந்துபோன டீ. அக்கா அப்படித்தான் போடுவாள், இரண்டு தடவை கொதிக்கவிட்டு.

படம் வந்தது.

அவன் வாழ்க்கையில் எடுத்த எல்லாவற்றிலும் அதுதான் அழகு. வாயு மேகம் மடிப்பு மடிப்பாக, ஓரங்களில் வெளிச்சம் கசிந்து, நிஜமாகவே ஒரு பெரிய புகை மாதிரிச் சுருண்டு கிடந்தது. நடுவில் ஒரு ஓட்டை. இருட்டைக் கழித்த இடத்தில் விழுந்த ஓட்டை. நெபுலாவில் இருண்ட பகுதிகள் இருக்கத்தான் செய்யும். பார்க்கிறவன் மனசுக்குத் தோதாகக் குதிரை என்பான், யானை என்பான். இவன் கண்ணாடிக்காரன், இந்தக் கதையெல்லாம் அவனுக்குத் தெரியும். படத்தைப் பெரிதாக்கினான்.

ஒருக்களித்துக் கிடக்கிற உடம்பு. மடங்கிய கால். தலைக்கு மேலே நீட்டிய ஒரு கை. கையில் ஐந்து விரல். ஒவ்வொரு விரலுக்கும் நடுவே நட்சத்திரங்கள்.

படத்தை மூட அம்புக்குறியை நகர்த்தினான்.

தலைக்கு மேலே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

கை அப்படியே நின்றது. டெலஸ்கோப் வானத்தோடு சேர்ந்து நகர்வதற்காக ஓடுகிற மோட்டார் அது. கொசு மாதிரி மெல்லிய ரீங்காரம். அதை அவன் தூக்கத்திலும் கண்டுபிடிப்பான். மூன்று மாதமாக டெலஸ்கோப் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. வயரைப் பிடுங்கி, சுருட்டி, இதோ இந்தப் பெட்டியில்தான் வைத்திருக்கிறான். பெட்டியைத் திறந்து பார்த்தான். வயர் உள்ளேதான் இருந்தது. மேலே ரீங்காரம் நிற்கவில்லை. மழையில் யார் படம் எடுக்கிறார்கள்?

க்ளிக்.

ஷட்டர் திறந்த சத்தம்.

மணி ஏழே கால். குட்டி வர இன்னும் முக்கால் மணி. வெளியே ஓடிவிடலாம்தான். ஆனால் குட்டி வந்து, அம்மா விழுந்த படியைப் பார்க்கிறேன் என்று ஏறினால்? அவளை அதன் முன்னால் நிறுத்துவதா? ஒரு தடவை உட்கார்ந்திருந்தது போதும். அவன் எழுந்தான். உண்மையிலேயே அவன் அந்த ஒரு நல்ல காரியத்துக்காகத்தான் எழுந்தான்.

மாடிப்படி சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை. அண்ணாந்து பார்த்தான். போன மாதம்தான் எலெக்ட்ரீஷியன் புது பல்பு போட்டுவிட்டுப் போனார். உச்சியில் ஹோல்டர் காலியாக இருந்தது.

இழுப்பறைக்குத் திரும்பிப் போய், துணியைப் பிரித்து, அந்தப் பழைய பல்பை எடுத்தான். மூன்று மாதம் இருட்டில் கிடந்த கண்ணாடி, இப்போதுதான் அணைத்த மாதிரிச் சுட்டது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போன் மேஜையிலேயே கிடந்தது. அது அவன் நினைவிலேயே இல்லை.

முதல் படி. இரண்டாவது. சுவரைத் தடவிக்கொண்டே ஏறினான். சுண்ணாம்பு ஈரமாயிருந்தது. டீ வாசனை இப்போது பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை. ஆறு. ஏழு. மேலே கதவு திறந்து கிடந்தது. அதன் வழியே மங்கலான சிவப்பு வெளிச்சம். படம் எடுக்கும்போது அவன் நெற்றியில் கட்டிக்கொள்கிற விளக்கின் சிவப்பு. எட்டு. ஒன்பது. பத்தாவது படி, மேலிருந்து நாலாவது.

காலடியில் ஈரம். வெதுவெதுப்பாக. பிசுபிசுவென்று.

வழுக்கியது.

விழுந்தான். ஒவ்வொரு படியும் அவனை எண்ணியது. முதுகு. தோள். பின்மண்டை. கீழே வந்து விழுந்தபோது வலது கால் போகக் கூடாத பக்கம் போயிருந்தது. பையில் பல்பு நொறுங்கி, சில்லு நெஞ்சில் இறங்கியிருந்தது. மூச்சை உள்ளே இழுத்தால் குத்தியது. விட்டாலும் குத்தியது. வாயில் ரத்தத்தின் இரும்புச் சுவை.

அவனுக்குப் பின்னால் பிளாஸ்க் ஒன்று உருண்டு வந்தது. டங். டங். டங். கன்னத்தில் வந்து முட்டி நின்றது. சூடாக இருந்தது.

"யாராவது..." என்றான். குரல் வரவில்லை. "யாராவது இருக்கீங்களா..."

மேஜைமேல் போன் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. சற்று நேரம் கழித்து வாசல் கதவைத் தட்டும் சத்தம்.

"மாமா! மாமா, நான்தான். பஸ் சீக்கிரம் வந்துடுச்சு."

"குட்டி!" தொண்டை கிழியக் கத்தினான். "குட்டி, விழுந்துட்டேம்மா! இங்க இருக்கேன்!"

"மாமா?" மறுபடியும் தட்டினாள். அவள் வளையல் கதவில் உரசுவதுகூட அவனுக்குத் துல்லியமாகக் கேட்டது. யாரிடமோ போனில் பேசினாள். "இல்லடி, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கறேன், உள்ள ஒரு சத்தமும் இல்ல. ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்திருப்பார். அன்னிக்கு மாதிரி. சரி, காலைல வரேன்."

"கேக்குதா? குட்டி! கேக்கலையா?"

சட்டத்தைக் கதவில் சாய்த்து வைக்கிற சத்தம். காலடி. கேட். தெரு.

பிறகு மழை மட்டும்.

அவன் மேலே பார்த்தான். வேறு யாரும் இல்லை, பார்க்க. பதின்மூன்று படிக்கு மேலே, சிவப்பு வெளிச்சத்தில், அவனுடைய நாற்காலியில், யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நனைந்த புடவை. அவிழ்ந்த கொண்டை. திரைக்கு முன்னால் குனிந்த தலை. அந்த முதுகு வளைவை அவனுக்குத் தெரியாதா!

"அக்கா," என்றான். அழுதான். "அக்கா, எனக்குக் கேட்டுச்சுக்கா. அன்னிக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. மன்னிச்சுடுக்கா. வலிக்குதுக்கா."

தலை அசையவில்லை. அக்காவின் குரல்தான். கோபமே இல்லை அதில். நினைப்பெல்லாம் வேறெங்கோ இருக்கிற குரல்.

"ஏழு நிமிஷம்டா தம்பி. இரு."

இருந்தான். வேறென்ன செய்வான்? மூச்சை எண்ணினான். நானூற்றுப் பன்னிரண்டு நொடியையும் ஒன்று விடாமல் எண்ணினான். விரல்கள் சில்லிட்டன. பிறகு கால். பிறகு முழங்கை. மேலே க்ளிக் என்று ஷட்டர் மூடியது. உடனே இன்னொரு க்ளிக். அடுத்த படம் ஆரம்பித்துவிட்டது.

கையைத் தலைக்கு மேலே நீட்டினான். ஐந்து விரலையும் விரித்து.

"அக்கா... இன்னும் எத்தனை?"

அவள் திரையைப் பார்த்தாள். திரும்பாமலேயே சொன்னாள்.

"ஏழு நிமிஷம்."